பச்சைப் பேனா வைத்தியத்துக்குப் போன கதை

உலகத்தில் இரவல் கொடுக்கக்கூடாத பொருள்கள் இரண்டு என்பது சுவிசேஷமுத்துவின் கொள்கை. ஒன்று பல்செட்டு. மற்றது பேனா. பல்செட்டு அவரிடம் இல்லை. ஆகவே முழுக் கொள்கையும் பேனாவின் மேலேயே இறங்கியது.

கட்டைவிரல் தண்டிக்கு இருக்கும் பச்சை மைப்பேனா. முதல் சம்பளத்தில் வாங்கியது. பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போய்வந்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றார். அந்தப் பேனாவால் அவர் எழுதினார் என்று சொன்னால் அது பொய். கையெழுத்துப் போட்டார். எழுதுவதெல்லாம் கீழே இருந்தவர்கள். அவர்கள் எழுதி, கையெழுத்து விழவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வருவார்கள். சூப்பிரண்டு குறியைத் தேடுவார். அதன் மேல் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்ப்பது எழுதினவன் மனசைப் புண்படுத்தும் என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் கையெழுத்தைக் கேட்டு ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. காலையில் பேப்பரை வாசித்து முடித்ததும் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு மடித்து வைப்பார். பழைய பேப்பர் வாங்குகிறவருக்கு அதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை.

அவர் மனைவி ஜெபக்கனிக்கு முத்து முத்தான எழுத்து. இடதுகைக்காரி. கோயில் வாசலில் இருக்கும் கரும்பலகையில் வாராவாரம் வசனம் எழுதுவது அவள்தான். இந்த வருஷம் சபையார் எல்லோரும் சேர்ந்து முழு வேதாகமத்தையும் கையால் எழுதி வைக்கப்போகிறார்கள். ஆளுக்கு ஒரு பகுதி. ஜெபக்கனிக்கு வந்தது நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம். இருப்பதிலேயே நீளமானது.

“ஏங்க, நூத்தி எழுபத்தாறு வசனம். பால்பாயின்ட்ல எழுதுனா வெரலு ஒடிஞ்சிரும். உங்க பேனாவக் குடுங்களேன்.”

“ஏட்டி, அந்தச் சங்கீதத்தை எழுதுனவரே நேர்ல வந்து கேட்டாலும் கெடைக்காது. கைமாறுனா நிப்பு மனசு மாறிரும்.”

“எழுதி முடிச்சதும் தந்திருவேன்.”

“இந்தா, சொசைட்டில காலண்டரோட குடுத்த பேனா. மூணு இருக்கு. நீயே வச்சுக்க.”

ஜெபக்கனி மூன்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் அந்தப் பேசாமைக்குப் பயப்படத் தெரியாத மனுஷர் அவர்.

மறுநாளே பேனாவுக்குக் கண்டம் வந்தது. அடுத்த வீட்டுச் சிவசண்முகம் ஒரு பேங்க் பாரத்தோடு வந்தார்.

“அண்ணாச்சி, பேனாவக் கொஞ்சம் குடுங்க. ஒரேயொரு கையெழுத்து.”

“அது மட்டும் கேக்காதேயும்வே. வேணும்னா கண்ணால பாத்துக்கிடும்.”

மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். திருப்பின வேகத்தில் பேனா வழுக்கி, தலைகீழாகச் சிமென்ட் தரையில் மூக்கைக் குத்தியது. எடுத்துப் பார்த்தால் நிப்பு தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது.

“நான் தொடவே இல்ல அண்ணாச்சி! வீட்டம்மாதான் சாட்சி!” என்று சொல்லிவிட்டுச் சிவசண்முகம் பாரத்தைக்கூட எடுக்காமல் ஓடினார்.

சுவிசேஷமுத்து அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயந்திரம் ஒரு தீர்மானத்தோடு எழுந்தார்.

“உள்ளூர்ல எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். செஞ்ச கம்பெனிக்கே அனுப்பப்போறேன். பெத்த வீட்டுக்குப் போயிட்டு வரட்டும்.”

“சீர்வரிசை ஏதும் குடுத்து விடணுமா?” என்றாள் ஜெபக்கனி.

கம்பெனி கோயம்புத்தூர்ப் பக்கம். போன் போட்டதும் வாட்ஸப்பில் நாலு பக்க விண்ணப்பம் வந்தது. எறும்பு எறும்பாக எழுத்து. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்தவர், ஒன்றை மட்டும்தான் கவனித்தார். ஒரு பக்கம் கைப்பட எழுதி அனுப்பவேண்டுமாம். சொசைட்டிப் பேனாவால் ஐந்து வரி எழுதினார். எழுதினதை அவரே எட்டப் பிடித்துப் பார்த்தார். கோழி கிளறின குப்பை. இதைப் பார்த்தால் கம்பெனிக்காரன் ஒரு சூப்பிரண்டைப் பற்றி என்ன நினைப்பான்?

“ஏட்டி, இங்கன வா. இத நீ அழகா எழுதிரு.”

“நானா? அந்தப் பேனாவ வச்சி எழுதுத ஆளுதான் எழுதணும்னு போட்டிருக்குங்க.”

“ஆபீஸ்ல எழுதுனவன் பேரா நின்னுச்சு? போட்டவன் பேருதான் நின்னுச்சு. நீ எழுது, நான் போடுதேன்.”

“பொறவு என்னையச் சொல்லப்படாது.”

“நான் எதுக்குச் சொல்லுதேன்?”

அவள் சங்கீதத்தின் முதல் எட்டு வசனங்களை ஒரு தாளில் எழுதினாள். பிறகு விண்ணப்பத்தையும் முதலிலிருந்து கடைசிவரை பைய வாசித்து நிரப்பினாள்.

“ஒருக்க வாசிச்சுப் பாத்திருங்க.”

“குறி போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“பெறகென்ன!”

குறியின் மேல் வாலைச் சுழித்து ஒரு கையெழுத்து. பேனா பஞ்சில் படுத்து, பவுடர் டப்பாவுக்குள் போய், கூரியரில் ஏறியது.

இருபத்தைந்து நாள். சுவிசேஷமுத்து நாளைக்குப் பத்துத் தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ‘பார்த்தேன்’ இல்லாமலே பேப்பர்கள் அடுக்கில் சேர்ந்தன. சோறு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு வேளை சாப்பிட்டார்.

பேனா திரும்பி வந்த காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மை நிரப்பி, பேப்பர் ஓரத்தில் வைத்து இழுத்தார். ‘பா’ போடும்போது கரகரவென்றது. ‘ர்’ போடும்போது பேப்பர் கிழிந்தது. அதற்கு மேல் மையும் இறங்கவில்லை.

“இங்கன குடுங்க பாப்போம்.” ஜெபக்கனி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடது கையில் வாங்கி ஒரு வரி எழுதினாள். பேனா வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று.

அவர் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் பொறுமைசாலி.

“ஏனுங்கய்யா, நீங்க கேட்டபடிதானுங்க செஞ்சிருக்கோம். படிக்கறேன் கேளுங்க. ‘பேனாவில் எழுதுபவர்: திருமதி ஜெபக்கனி. எழுதும் கை: இடது. இவர் கைக்கு ஏற்றபடி நிப்பைத் தேய்த்துத் தர எனக்கு முழுச் சம்மதம்.’ கீழ உங்க கையெழுத்துங்க. ஜோராப் போட்டிருக்கீங்க.”

“அந்தக் கையெழுத்துக்குக் கீழ பென்சில்ல ஏதும்...”

“ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்குதுங்க.”

“தேய்ச்சத மாத்த முடியாதா?”

“தேய்ச்சது தேய்ச்சதுதானுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். ஜெபக்கனி மேஜையில் சங்கீதத்தை ஆரம்பித்துவிட்டிருந்தாள். வயிறு எரிந்தது. ஆனாலும் எட்டிப் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷமாக அவர் பேரைத் தவிர வேறொன்றும் எழுதாத பேனா, வரிவரியாக அப்படி ஓர் அழகில் எழுதிக்கொண்டிருந்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஏட்டி, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுப் பாத்துட்டுத் தாரேனே.”

“கைமாறுனா நிப்பு மனசு மாறிரும்ங்க,” என்று சொல்லி, சொசைட்டிப் பேனாக்கள் மூன்றையும் அவர் பக்கம் தள்ளினாள்.

அன்றைக்கே அவர் சத்தியம் பண்ணினார். இனிமேல் வாசிக்காமல் ஒரு கையெழுத்தும் கிடையாது. குறி யானைத் தண்டிக்கு இருந்தாலும் கிடையாது. சிவசண்முகத்தையும் கூப்பிட்டுச் சொல்லி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் ஜெபக்கனி காப்பியும் ஒரு தாளும் கொண்டுவந்து வைத்தாள்.

“இதுல ஒண்ணு போட்டுருங்க. கோயில்ல குடுக்கணும். சூப்பிரண்டு கையெழுத்துன்னா ஒரு மதிப்புதான?”

அவரிடம் கையெழுத்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! பென்சில் குறி கண்ணில் பட்டது. கை தன்னால் ஓடியது. வாலைச் சுழித்து, தேதியும் போட்டு, காப்பியை ஒரு வாய் குடித்த பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது.

“ஏட்டி... இது என்னது?”

“வேதாகமத்துல ஒரு புஸ்தகம் எழுத ஆளு கெடைக்காம இருந்துச்சு. நீங்க கைப்பட எழுதித் தாரதா சம்மதிச்சிருக்கிய.”

“எந்தப் புஸ்தகம்?”

ஜெபக்கனி பச்சைப் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“புலம்பல். அஞ்சு அதிகாரம்.”