சீர்த்தட்டில் கரையேறிய கப்பல் காசு

பழைய நாணயம் சேர்ப்பவனுக்கு அதைப் பூட்டி வைப்பதில் பாதி சந்தோஷம்தான். மீதி, நாலு பேரிடம் காட்டி அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்ப்பதில் இருக்கிறது. (ஒருவர் பிளந்தாலும் போதும், அன்று எனக்குச் சாப்பாடு வேண்டாம்.)

என் கல்யாணத்துக்கு முன், பைக் வாங்க வைத்திருந்த பணத்தையெல்லாம் போட்டுச் சென்னைக் கண்காட்சியில் ஒரு தங்கக் காசு வாங்கினேன். எந்தக் காலத்திலோ கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்தது. எங்கள் ஊர் நல்லம்பள்ளியில் கடல் ஏது? அதனாலோ என்னவோ, நானே முங்கி எடுத்து வந்தவன்போல் நடக்க ஆரம்பித்தேன். பைக் இல்லாததால் நிறையவே நடந்தேன்.

அந்தச் சமயத்தில் பாப்பாரப்பட்டியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். சட்டைப்பையில் காசையும் எடுத்துப் போனேன். கம்மல், பட்டுப்பாவாடை, பழம் எல்லாம் சீர்த்தட்டில் அடுக்கியாயிற்று. சொந்தபந்தம் மொத்தமும் மண்டபத்தில். இதைவிட்டால் பிளப்பதற்கு இத்தனை வாய்கள் எனக்கு எங்கே கிடைக்கும்?

முதலில் ஒரு போட்டோ எடுத்து எல்லோர் போனுக்கும் அனுப்பலாம் என்று பார்த்தேன். காசு இருந்த பிளாஸ்டிக் பெட்டியில் வெளிச்சம் பட்டுக் கூசியது. காசை வெளியே எடுத்தேன். சிவப்புத் துணிமேல் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று தட்டிலிருந்த பட்டுப்பாவாடைமேல் வைத்தேன்.

நான் போனைத் தூக்குவதற்குள் தங்கையின் மாமியார் தட்டைத் தூக்கிவிட்டார்.

“பாருங்க, தாய்மாமன் தங்கக் காசு வெச்சிருக்காரு!”

மைக்கில் அறிவித்தார்கள். மேளம் கொட்டியது. என் பெயருக்கு அப்படியொரு கைதட்டல் அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழவில்லை. நான் தட்டின் பின்னாலேயே ஓடினேன்.

“ஏனுங்க, அது போட்டோவுக்கு வெச்சதுங்க...”

“வீடியோவே எடுத்தாச்சுங்க தம்பி!” என்றார் மாமியார்.

தங்கையை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஏண்ணா, சீர்த்தட்டுல வெச்சத யாராச்சும் திருப்பி எடுப்பாங்களா? இந்த வூட்ல நான் தல நிமுந்து நடக்கணுமா, வேணாமா?”

அவள் கண் கலங்கிவிட்டது. போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். காதில் குத்தியதும் குழந்தை வீறிட்டாள். கூடவே நானும் அழுதுவிட்டேன். “மாமனுக்கு எவ்ளோ பாசம் பாரு!” என்று பின்னால் யாரோ உருகினார்கள்.

கிளம்பும்போது மாமியாரிடம் கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தேன். “அப்படியே பத்திரமா வெச்சிருங்க. சங்கிலியில கோக்கறதுக்கு வளையம் கிளையம் பத்த வெச்சிறாதீங்க, மதிப்பே போயிரும்.”

“தங்கத்துக்கு எங்கங்க தம்பி மதிப்பு போவுது?” என்று சிரித்தார். மறுவாரமே வளையம் ஏறிவிட்டது. கடலுக்கடியில் காலகாலமாகக் கிடந்தும் கீறல் விழாத காசு, பாப்பாரப்பட்டிக் கடைத்தெருவில் அரைமணி நேரம் தாங்கவில்லை.

குழந்தைக்கு இப்போது பள்ளி வயது. விசேஷ நாட்களில் அவள் கழுத்தில் அந்தக் காசு தொங்குகிறது. வயிறு எரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும், அவளுக்கு அழகாகவே இருக்கிறது. தங்கையோ நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஊருக்கே சொல்லிவிட்டாள். அதனால் எங்கள் சொந்தத்தில் காதுகுத்து என்று எனக்குப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், தேதியைச் சொன்ன கையோடு கேட்கிறார்கள்:

“ஏனுங்க மாமா, அடுத்த கப்பல் எப்பங்க முழுவும்?”