மூணு வருஷ கேரண்டி

நகரும் படிக்கட்டுக்குக் கீழே, தள்ளுபடிக்கு வந்த கூட்டம் முழுவதும் வேடிக்கை பார்க்க, மூட்டைக்காரனும் அவன் தங்கையும் ஒரே துணிப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“குடு, நான் தூக்கிட்டு வரேன்.”

“நீ எதுக்குண்ணா தூக்கணும்? நான் வச்சுக்கிறேன்.”

“உனக்கு முடியாது. குடு.”

“உனக்குத்தான் முடியாது.”

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சிமெண்டு மூட்டை சுமப்பவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு குடையும்தான் இருந்தன. இருந்தும் இருவரும் விடவில்லை. பையின் காது அறுந்தது. குடை தெறித்துப் படிக்கட்டில் விழுந்து, இவர்களுக்கு முன்னால் முதல் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

“நல்ல பிள்ளைங்க,” என்றாள் அக்கா. “நாலு வருஷம் கழிச்சு ஒண்ணு சேர்ந்தீங்க. நாலு நிமிஷத்துல பையைக் கிழிச்சாச்சு.”

மூட்டைக்காரன் வாயை மூடிக்கொண்டான். வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் அக்கா போட்ட ஒரே நிபந்தனை. அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்பு துவைப்பவள். போன வாரம் துறைமுக வாசல் வரைக்கும் அவனைத் தேடி வந்து, ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

“சின்னவளுக்கு வயித்துல கட்டிடா. மூணு மாசம் தாண்டாதுங்கறாங்க. அவளுக்கே இன்னும் சொல்லல, எங்கிட்டதான் சொன்னாங்க. ஒரே ஒரு நாள் மூணு பேரும் வெளிய போவோம். கடைக்குப் போவோம், உக்காந்து சாப்பிடுவோம். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. முக்கியமா அழுது தொலைக்காத.”

நாலு வருடமாக அவன் தங்கையோடு பேசவில்லை. அம்மா செத்த அன்று கரையில் கப்பல் நின்றது. மேஸ்திரி விடவில்லை. அவன் ஓடி வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியைத் தூக்கப்போகிற நேரம். தங்கைக்கு மீன் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவளுக்கு நாக்கும் அப்படித்தான். “தூக்குற நேரத்துக்குக் கரெக்டா வந்துட்டான். மூட்டைக்காரனுக்கு அம்மாவும் ஒரு மூட்டைதானே,” என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். “இனிமே என் மூஞ்சில முழிக்காத,” என்றான் இவன். அவளும் முழிக்கவில்லை.

அந்த நாக்குக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று கேட்டபோது, அது திட்டாத உலகத்தில் இருந்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தது அவனுக்கு. செத்துப்போகிறவளுக்கு ஒரு நல்ல நாள். அவளோடு ஒரு சமாதானம். இரண்டும் இன்றைக்கே ஆக வேண்டும்.

முதல் மாடியில் குடையைப் பொறுக்கினார்கள். அறுந்த பைக்குப் பதில் பை வாங்கப் போனால், மூன்று வாங்கினால்தான் தள்ளுபடி என்றார்கள். மூன்று வாங்கினார்கள். இப்போது இழுத்துப் பறிக்க மூன்று பை ஆயிற்று.

அவன் கடைப்பெண்ணிடம் போய்த் தங்கைக்கு ஒரு நாற்காலி கேட்டான். நாற்காலி வந்ததும் தங்கை அதில் அவனை உட்காரச் சொன்னாள்.

“நீ உக்காருண்ணா. முகமெல்லாம் வெளுத்திருக்கு.”

“அது சிமெண்டு. நீ உக்காரு.”

“நான் நாளெல்லாம் நின்னுகிட்டே வேலை பாக்கறவ.”

“அதனாலதான் சொல்றேன், உக்காரு.”

ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கும்போது, கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர் நன்றி சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். அவர் எழுந்திருக்கவே இல்லை. இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் காவல்காரர்கள் போல நின்றார்கள்.

அடுத்தது செருப்புப் பிரிவு. தங்கை தொழிற்சாலைக்குப் போட ரப்பர் பூட்ஸ் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள்.

“பாதி விலைதான்க்கா. மூணு வருஷ கேரண்டியாம்.”

மூன்று வருடம். அவன் பூட்ஸைப் பிடுங்கி அலமாரியில் திருப்பி வைத்தான்.

“இது வேணாம்.”

“ஏன், நல்லாதானே இருக்கு?”

“நல்லாவே இல்ல. இதைப் பாரு.” கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டினான். பளபளவென்று கல் பதித்த செருப்பு. ஒரு மழைக்குத் தாங்காது. “ஆசைக்கு ஒண்ணு போட்டுக்க. எத்தனை நாளைக்கு ரப்பரையே போட்டுட்டுத் திரிவ?”

தங்கை அவனை ஒரு மாதிரி பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் வாய்க்கு வந்தபடி ஏதாவது சொல்லியிருப்பாள். இன்றைக்குச் செருப்பை வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் தனக்கு ஒரு தடித்த மழைக்கோட்டை எடுத்தபோது, அதைக் கையிலிருந்து உருவி, வெள்ளைவெளேரென்று ஒரு சட்டையை அவன் மார்பில் வைத்து அளந்தாள்.

“மழைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குண்ணா. கோட்டெல்லாம் எதுக்கு. இதைப் போட்டுக்க.”

“வெள்ளைச் சட்டையில சிமெண்டு சுமக்கச் சொல்றியா?”

“ஒரு நாளைக்காவது மனுசனாட்டம் போட்டுக்கண்ணா.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா இரண்டையும் வாங்கித் தந்தாள். அவளுக்கென்று எதுவும் எடுக்கவில்லை. “எனக்கு என்னத்துக்கு, இருக்கறதே போதும்,” என்றாள்.

பணம் கட்ட அவள் வரிசையில் நிற்கப் போனபோது இருவரும் செருப்புப் போட்டுப் பார்க்கிற மரப்பலகையில் உட்கார்ந்தார்கள்.

“அண்ணா, அன்னைக்கு நான் சொன்னது.”

“விடு.”

“அது சொல்லக்கூடாத வார்த்தை. சொன்ன அன்னைக்கே எனக்குச் சோறு இறங்கல.”

“விட்டுட்டேன்னு சொல்றேன்ல. அன்னைக்கே மறந்துட்டேன்.”

அது பொய். நாலு வருடமாக முதுகில் ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் அந்த வார்த்தையும் கூடவே ஏறியது. இப்போது சொன்ன பிறகுதான் இறங்கியது. அக்கா தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். வரிசை நகர்ந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மேல் மாடியில் சாப்பாட்டுக் கடை. கை கழுவப் போகிற சாக்கில் மூட்டைக்காரன் பரிமாறுபவரைப் பிடித்து, தங்கைக்கு எண்ணெய் கூடாது, காரம் கூடாது என்று காதில் ஓதினான். திரும்பி வந்தால் தங்கை கை கழுவப் போயிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இருவர் முன்னாலும் ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒன்று. அக்காவுக்கு மட்டும் பொரித்த கோழி.

“நான் கோழிதானே கேட்டேன்?” என்றான் மூட்டைக்காரன்.

“நானும்தான்,” என்றாள் தங்கை.

பரிமாறுபவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். “ஐயா, நீங்க வந்து தங்கச்சிக்கு வயித்துல கட்டின்னு சொன்னீங்க. அவங்க வந்து அண்ணனுக்கு வயித்துல கட்டின்னு சொன்னாங்க. சமையல்காரர்தான், ஒரே நோய்க்கு ரெண்டு சூப்பு எதுக்குன்னு ஒரே சூப்பா வச்சிட்டார்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, சேர்ந்தாற்போல அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா கோழியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

“வேற என்னடா பண்ணச் சொல்றீங்க? விருந்துன்னு கூப்பிட்டேன், வரல. வீட்டுக்குக் கூப்பிட்டேன், அவ வந்தா நான் வரலைன்னு நீ சொன்ன, அவன் வந்தா நான் வரலைன்னு இவ சொன்னா. சாவுன்னு சொன்னாத்தான் நம்ம வீட்டு ஆளுங்களுக்கு லீவு கிடைக்குது.”

“நான் ஒரு வாரமா தூங்கலக்கா,” என்றாள் தங்கை. “மீனுக்குப் பதிலா விரலை வெட்டிக்கிட்டேன். இங்க பாரு.”

“மேஸ்திரி கால்ல விழுந்து லீவு வாங்கினேன்,” என்றான் அவன். பிறகு அவனுக்கு வேறொன்று உறைத்தது. தங்கையின் பக்கம் திரும்பினான். “அப்ப நீ மன்னிப்புக் கேட்டியே. அது சாகப்போறவன்கிட்ட கேட்டதா?”

“நீ மட்டும்? மறந்துட்டேன்னியே. அது சாகப்போறவகிட்ட சொன்னதா?”

மூட்டைக்காரன் கோபத்தில் எழுந்தான். வெள்ளைச் சட்டை இருந்த பையை மேசை மேல் போட்டான். தங்கை செருப்புப் பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டு அவளும் எழுந்தாள்.

“உக்காருங்கடா,” என்றாள் அக்கா. “இன்னும் கொஞ்ச நேரம்தான். பொய்யின்னே வச்சுக்கங்க. சொன்னது சொன்னதுதானே. அதைத் திருப்பி வாங்கிக்காதீங்க.”

“எதுல விளையாடறதுன்னு ஒரு கணக்கு இல்லையாக்கா உனக்கு?” என்றான் அவன். “ஒரு உயிரைச் சொல்லியா விளையாடுவாங்க?”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு இரண்டு எட்டு வைத்தான். எதிரே, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து நீலக் கோட்டோடு ஒரு பெண் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்காவோடு வேலை செய்பவள். மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மற்ற இருவரையும் அவளுக்குத் தெரியாது. நேராக வந்து அக்காவின் தோளைத் தொட்டாள்.

“அக்கா, நீங்க போன் எடுக்கலைன்னு என்னையே அனுப்பிட்டாங்க, நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷன் உங்களுதுதானாம், இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்து படுத்துடணுமாம், உங்க கட்டிலுக்குக் கிழிசல் இல்லாத விரிப்பா பாத்து நானே விரிச்சு வச்சிருக்கேன்.”