அமெரிக்க வங்கிக்கு மொட்டை போட்டவர்

திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் அமெரிக்க வங்கிக்காக மொட்டையடித்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பிரசிடெண்ட்.

நாங்கள் வேலை பார்த்தது டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த டைப்பிங் ஆபீஸில். யாரோ கட்டி ஆண்ட ஒரு பழைய அமெரிக்க வங்கியின் பதிவேடுகள், நூறு நூற்றைம்பது வருஷத்துச் சமாச்சாரம், படங்களாக, டைப் அடிக்க எங்களுக்கு வந்திருந்தன. கம்ப்யூட்டரே திணறிய அந்தச் சாய்ந்த கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். காணை கிராமத்தில் கரும்பு போட்டுக்கொண்டு, விழுப்புரத்தில் பஸ் மாறி தினமும் வருவார். வந்த வாரமே ‘நம்ம பேங்கு’ என்று பேச ஆரம்பித்ததால் அவருக்குப் பிரசிடெண்ட் என்று பேர் வைத்தோம்.

ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்து, “பேங்கு எரிஞ்சி பூட்ச்சி” என்றார் பிரசிடெண்ட். எதிரிலிருந்த வங்கியின் லாக்கரில் என் மனைவியின் நகை இருந்தது. ஆபீஸ் மொத்தமும் படியிறங்கி ஓடினோம். வங்கி வாசலில் காவலாளி நிம்மதியாக மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“இது இல்லப்பா, நம்ம பேங்கு. மரக் கட்டடம், பாவம்” என்றார் பிரசிடெண்ட்.

அடுத்த மாதம் நிறுவனர் காலமானார். பதிவேட்டில்தான். மறுநாள் பிரசிடெண்ட் மொட்டைத் தலையோடு வந்து, கருமாதிக்கு லீவு கேட்டு லெட்டரை நீட்டினார்.

“அவரு செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுதுங்களே” என்றார் மேனேஜர் மேடம்.

“எனக்கு நேத்து மத்தியானம்தான் மேடம் தெரிஞ்சிது.”

லீவு கிடைத்தது.

வம்பு வந்தது கடைசிப் பதிவேட்டில். ஒரு பெரிய வங்கி விலைக்குக் கேட்கிறது, வாங்கினால் பேரையே எடுத்துவிடும் என்கிற இடம் வந்ததும் பிரசிடெண்ட் கீபோர்டைத் துண்டால் மூடிவிட்டார். பாக்கி பத்துப் பக்கம். சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான் என்று மேடம் சொல்லியிருந்தார்.

“இன்னாண்ணே இது, பத்து பேரு பொழப்பு” என்றேன்.

“தெரியிது தம்பி. கை வரமாட்டேங்குது. எரிஞ்சப்பகூட திருப்பிக் கட்டிக்கினு எழுந்தாங்க. இப்ப நானே எப்பிடி வித்துட்டாங்கன்னு அடிக்கிறது?”

டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார். நல்லவேளை, அந்தப் பக்கங்கள் மங்கலான தட்டச்சில் இருந்தன. என்னாலும் படிக்க முடிந்தது. நானே அடித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாம் பக்கத்தில் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். ஐந்து மணிக்கு அனுப்பியாகிவிட்டது.

பிரசிடெண்ட் மேலே வந்து, திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“இன்னா தம்பி ஆச்சு?”

“போர்டு மீட்டிங்ல ஒத்துக்கலண்ணே. விலைக்குக் கேட்டவங்க வந்த வழியே பூட்டாங்க.”

“பேரு?”

“அப்பிடியேதான் கீது.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

நான் அந்த வேலையை விட்டு வெகுநாளாகிறது. போன பொங்கலுக்கும் போன் செய்தார். கரும்பு விளைச்சல் பற்றிப் பேசிவிட்டு, “அமெரிக்காவுல நம்ம ஜனங்க எல்லாம் சௌக்கியமா தம்பி?” என்றார்.

“எல்லாரும் சௌக்கியம்ணே” என்றேன்.