சோர்வின் சட்டபூர்வமான அளவு

எடை, அளவைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கடமை ஒன்றே ஒன்றுதான். ஊரில் உள்ள தராசுகளும் படிக்கற்களும் உண்மை பேசுகின்றனவா என்று சோதித்து, பேசினால் முத்திரை குத்தித் தர வேண்டும். பேசாவிட்டாலும் பெரும்பாலும் முத்திரை கிடைத்துவந்தது. லஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. சோதிக்கிறவர்களுக்குக் குனிந்து முள்ளைப் பார்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

முத்திரை குத்துகிறவளை அங்கே எல்லோரும் முத்திரையக்கா என்று அழைத்தார்கள். ஒரு காலத்தில் அவள் குத்தினால் அடுத்த அறையில் மேஜை அதிரும். கொஞ்ச நாளாக முத்திரை பாதிதான் விழுகிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும்போது அவளுக்குக் குளிரும். சீப்பில் முடி கொத்தாக வரும். ஒருநாள் தராசு வியாபாரி ஒருவர் மேஜைமேல் வைத்த சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு, அரைத்தூக்கத்தில், சரியான எடை என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் மகள் பேச்சுப்போட்டிக்கு எழுதியதைப் படித்துக் காட்டினாள். இரண்டாவது வரியிலேயே அக்காவுக்குக் கண் சொருகிவிட்டது.

"அம்மா, நான் தோத்துட்டா பரவாயில்லை. நீ கேட்டுட்டுத் தூங்கியிருக்கலாம்" என்றாள் மகள்.

"உனக்கு டென்ஷன். மனசை லேசா வெச்சுக்க" என்றார் கணவர். ஊரில் எந்த நோய்க்கும் அவர் சொல்லும் மருந்து அது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் இயக்குநர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தார். போகும்போது சாதாரண மனிதர். வரும்போது புத்துணர்ச்சியோடு வந்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'பணியாளர் எவரேனும் சோர்வாக இருப்பதாகவோ, சோர்வாக இருப்பது போலத் தோன்றுவதாகவோ, சோர்வு குறித்துப் பிறருடன் உரையாடுவதாகவோ அறியவரின் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.' உட்காருவதுதான் சோர்வின் முதல் படி என்பதால் நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். காலையில் அனைவரும் கூடிக் கைதட்ட வேண்டும். யாருக்காக என்று சுற்றறிக்கையில் சொல்லவில்லை. சுவரில் 'சோர்வு ஒரு தேர்வு' என்று பெரிதாக எழுதி மாட்டினார்கள்.

"தேர்வுன்னா எழுதிப் பாஸ் பண்ணிட்டுப் போயிடலாமே" என்றார் பக்கத்து மேஜைக்காரர், நின்றபடியே கொட்டாவி விட்டு.

அக்கா இயக்குநரிடம் போய் விடுப்புக் கேட்டாள்.

"எதுக்கு?"

"ரொம்ப அசதியா இருக்கு சார். காலையில எழுந்திரிக்கும்போதே முந்தின நாள் சாயங்காலம் மாதிரி இருக்கு."

"அதை நீங்க சொன்னா எப்படிம்மா? நாம அளவைத் துறை. ஒரு வியாபாரி வந்து என் தராசு சரின்னு சொன்னா ஒத்துக்குவோமா? சோதிச்சுப் பார்க்கணும்."

மருத்துவ முகாம் வந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்த்தார்கள். சரியாக இருந்தது. 'இயல்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். இயக்குநர் அதைப் படித்துவிட்டு அவளுக்குக் கைகொடுத்தார்.

"வாழ்த்துகள். நீங்க சோர்வா இல்லை."

"ஆனா எனக்கு இருக்கே சார்."

"இருக்கலாம். ஆனா நீங்க இல்லை."

மற்ற யாரும் பயத்தில் முகாம் பக்கமே போகவில்லை. ஆகவே, தான் சோர்வாக இல்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் வைத்திருந்த ஒரே ஊழியர் அக்காதான். அவளை அலுவலகத்தின் புத்துணர்ச்சித் தூதராக நியமித்தார்கள். கைதட்டலை மேடையேறி அவள்தான் நடத்த வேண்டும். முதல் நாள் கைகளை மேலே தூக்கியதும் கண் இருட்டி, முழங்கால் மடங்கி, அப்படியே மேடையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். இது ஏதோ புதிய ஆசனம் என்று எண்ணி அலுவலகமே அவளைப் போலச் சரிந்து உட்கார்ந்தது. நாற்காலி போன பிறகு எல்லோரும் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த ஆசனத்தைத் தினமும் சேர்க்கும்படி பலர் கேட்டுக்கொண்டார்கள்.

அக்காவுக்கு மட்டும் பயம் வந்துவிட்டது. மகளோடு தெருவைக் கடக்கும்போது இப்படி விழுந்தால் என்ன ஆவது? அன்று மாலையே வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எவ்வளவு நாளாக, தூக்கம் எப்படி, மாதவிலக்கில் போக்கு அதிகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதிகம்தான் என்று அக்கா சொன்னாள். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்தபோது டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"தைராய்டு ஏகத்துக்கு வேலை செய்யற மாதிரி காட்டுது. ஆனா உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே. முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அக்கா கூச்சத்தோடு கைப்பையைத் திறந்தாள். கரடிக்குட்டி வடிவத்தில் இளஞ்சிவப்பு மிட்டாய்கள். அலுவலகத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். யாருக்கும் முடி வளரவில்லை. ஆனால் எல்லோரும் சாப்பிட்டதால் நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

"இதுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்கு. சில தைராய்டு டெஸ்டுல பொய்க்கணக்குக் காட்டிடும். சில நாள் நிறுத்திட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்."

மறுபடி பார்த்ததில் விஷயம் வேறாக இருந்தது. டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

"டி.எஸ்.எச்.ங்கறது மேலதிகாரி போடற சத்தம்னு வெச்சுக்குங்க. கீழே தைராய்டு சரியா வேலை செய்யலைன்னா மேலே சத்தம் கூடும். உங்களுக்குச் சத்தம் கொஞ்சம் கூட இருக்கு. ஆனா வேலை ஒழுங்கா நடக்குது, பாருங்க, தைராய்டு சுரக்கற இந்த எஃப்.டி.ஃபோர் சரியா இருக்கு. அதனால இப்போ மாத்திரை வேண்டாம். கொஞ்ச மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துக்கலாம்."

"எங்க ஆபீஸ்ல சத்தம் நிறைய இருக்கும் டாக்டர். வேலை நடக்காது."

"அப்போ உங்க ஆபீஸுக்குத்தான் மாத்திரை எழுதணும்" என்று டாக்டரம்மா சிரித்தார். "உங்களுக்கு இப்போதைய பிரச்சினை இரும்பு. ஹீமோகுளோபின் குழாயில வர்ற தண்ணி. ஃபெரிட்டின், அதாவது உடம்போட இரும்புச் சேமிப்பு, மாடித் தொட்டி. குழாயில தண்ணி வருதுன்னு தொட்டியை யாரும் ஏறிப் பார்க்கலை. தொட்டியில தண்ணி அடியைத் தொட்டுட்டு நிக்குது."

இரும்பு மாத்திரை எழுதினார். அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்றார். போக்கு ஏன் அதிகம் என்று பார்க்க இன்னொரு மருத்துவரிடமும் அனுப்பினார். தெம்பு வரச் சில வாரம் ஆகும், தொட்டி நிறைய மாதக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்திவிட வேண்டாம் என்றார். வெளியே வந்த அக்காவுக்கு அழுகை வந்தது. தனக்குச் சோம்பேறித்தனம் இல்லை என்று முதல்முறையாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அந்த ரிப்போர்ட்டை இயக்குநரிடம் காட்டினாள். அவர் அளவைத் துறைக்காரர். எண்களைக் கண்டால் விடமாட்டார். இது நம் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அறிய அனைவருக்கும் பரிசோதனை என்று உத்தரவிட்டார். முடிவு வந்தபோது அவருக்கே வியர்த்துவிட்டது. பெரும்பாலோருக்கு இரும்பு இல்லை. சிலருக்கு தைராய்டு மந்தம். அவருடைய தொட்டியும் காலி.

சோர்வு தடைசெய்யப்பட்ட அலுவலகத்தில் இத்தனை சோர்வு இருப்பது மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அவர் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் விடை இருந்தது. ஆரோக்கியமான நபர்கள் பலரைச் சோதித்து, அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அளவு இருக்கிறதோ அதையே இயல்பான வரம்பாகக் கொள்வதாக அதில் எழுதியிருந்தது. 'ஆரோக்கியமான' என்ற சொல்லைச் சுருக்கம் கருதி அவர் விட்டுவிட்டார்.

கூட்டம் போட்டார்.

"பெரும்பாலானவங்களுக்கு எது இருக்கோ, அதுதான் இயல்பு. நம்ம ஆபீஸ்ல பெரும்பாலானவங்களுக்கு இதுதான் இருக்கு. ஊர்ல இருக்கற தராசுக்கெல்லாம் அளவு சொல்ற நாம, நம்ம ரத்தத்துக்குச் சொல்லக் கூடாதா?"

எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அலுவலகத்துக்கென்று தனி வரம்பு அரசாணை நடையில் அச்சாகிச் சுவரில் ஏறியது. அன்றோடு அலுவலகத்தில் சோர்வு முற்றிலும் ஒழிந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கேடயம் வந்தது. அதைத் தூக்க ஆள் கிடைக்காமல் வாசலிலேயே வைத்திருந்தார்கள்.

அக்கா மட்டும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வந்தாள். மெல்ல மெல்ல மாடிப்படியில் நிற்பது நின்றது. மகளின் அடுத்த போட்டிப் பேச்சைக் கடைசிவரை கேட்டு, மூன்றாவது பத்தியை வெட்டச் சொன்னாள். மகள் கோபித்துக்கொண்டு, வெட்டி, பரிசும் வாங்கினாள். முத்திரை முழுதாக விழுந்தது, மேஜை அதிர்ந்தது. அடுத்த பரிசோதனையில் அவளுடைய ஃபெரிட்டின் அலுவலக வரம்பைத் தாண்டிப் போயிருந்தது.

இயக்குநர் கவலையோடு அழைத்தார்.

"உங்க ரிப்போர்ட் இயல்பா இல்லையேம்மா."

"நான் நல்லா இருக்கேன் சார்."

"இருக்கலாம். ஆனா வரம்புக்கு வெளியே இருக்கீங்க. விதிப்படி, இயல்பு திரும்பற வரைக்கும் சம்பளத்தோட விடுப்பு."

அசதியில் செத்துப்போய்க் கேட்டபோது கிடைக்காத விடுப்பு, அவள் ஆரோக்கியமானதும் தேடி வந்து மடியில் விழுந்தது. செய்தி பரவியது. சாயங்காலத்துக்குள் பக்கத்து மேஜைக்காரர் அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"அக்கா, அந்த டாக்டரம்மா விலாசம் வேணும்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியாகணும். விடுப்பு வேணுமே."

அலுவலகமே டாக்டரம்மா வாசலில் வரிசை கட்டியது. இரும்பு தேவைப்பட்டவர்களுக்கு இரும்பு, தைராய்டு மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு அது. இரண்டையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, நடுவில் சில மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்று. ஒருவருக்கு எல்லாமே சரியாக இருந்தது. ராத்திரி கைப்பேசியைக் கீழே வைக்கும்படி அவருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மருந்துதான் ரொம்பக் கசப்பாக இருந்ததாம். விடுப்பின் மேல் கொண்ட ஆசையால், எந்தச் சுற்றறிக்கையாலும் நடக்காதது நடந்தது. எல்லோரும் குணமானார்கள். குணமானதும் பெரும்பான்மை மாறிவிட்டது, அதனால் இயல்பும் மாறிவிட்டது. விடுப்பு ரத்தாகி, அக்கா உட்பட அனைவரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

வேறு வழியில்லாமல் வேலை செய்தார்கள். குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். பார்த்தால், ஊரில் பாதித் தராசு பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா கடை கடையாகப் போனாள். கறிக்கடை, நகைக்கடை, பழைய இரும்புக் கடை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போனாள். அங்கே ஒரு மாதம் ஓடினால் உடம்பு தானாக இளைக்கும் என்று பெரிய பேர். கூட்டம் அலைமோதும். உண்மையில் இளைத்திருந்தது தராசு. அக்கா அதைச் சரிசெய்து, முத்திரை குத்தி வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை அதில் ஏறி இறங்கியவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தார்கள்.

ஒரு வாரத்தில் இயக்குநர் முன்னால் பெருங்கூட்டம் நின்றது. வியாபாரிகள் வந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால், எடை குறைகிறது என்று இத்தனை வருடம் அந்த வியாபாரிகளைத் திட்டிய வாடிக்கையாளர்களும் நின்றார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் இளைத்துப்போனவர்கள் அவர்களும்தான். இரு தரப்பும் சேர்ந்து கேட்டது ஒன்றே. அலுவலகம் பழையபடி இருக்க ஆவன செய்ய வேண்டும்.

"நாங்க சுறுசுறுப்பா வேலை செய்யறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"நாங்க அடுத்த கடையைத்தான் சோதிக்கச் சொன்னோம்" என்றார்கள்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கணவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அவரும் அந்த உடற்பயிற்சிக் கூடத்து உறுப்பினர்தான்.

"மனுவில நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களாமே?"

"நீ நல்லா இருக்கறதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆபீஸ் நேரத்துல மட்டும் கொஞ்சம் அசதியா இருந்தா போதும்னுதான்."

அக்கா அவரை ஒரு பிடி பிடித்தாள். நாடு உருப்படாமல் போவதற்கு இந்த மாதிரி ஆட்கள்தான் காரணம் என்றாள். உண்மையான எடையைத் தாங்க முடியாதவன் எதைத் தாங்குவான் என்றாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கை கழுவி வந்து, சாதாரணமாகக் கேட்டார்.

"நம்ம குளியலறையில ஒரு எடை மிஷின் இருக்கே. தினம் காலையில ஏறிப் பார்த்துட்டுச் சந்தோஷமா இறங்கறியே. அதைச் சோதிச்சாச்சா?"

அக்கா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நாளைக்குப் பார்க்கலாங்க" என்றாள். "இன்னைக்கு ஏனோ ரொம்ப அசதியா இருக்கு."