கோலுக்குக் காத்திருந்த பொன்னாடை

இலந்தைவளவு மத்திய கல்லூரியின் மெல்பேர்ன் பழைய மாணவர் சங்க உதைபந்தாட்ட அணி நாலு வருடமாக ஒரு கோலும் போடவில்லை என்று ஒரு கதை உலாவுகிறது. இது வீண் பழி. போன வருடம் ஒரு கோல் போட்டார்கள். அது தங்களுடைய கம்பத்துக்குள்ளேயே போனது என்பது வேறு விடயம்.

இந்த அணிக்குக் கேதீஸ்வரன் என்றொரு ரசிகர். மல்கிரேவில் ஒரு கம்பனியில் கணக்காளர். மழையோ குளிரோ, நோபல் பார்க் மைதானத்துக்கு மடக்குக் கதிரையோடும் தேத்தண்ணிப் போத்தலோடும் வந்துவிடுவார். வந்தால் வாய் சும்மா இருக்காது. "கோச்சை மாத்துங்கோ" என்று அவர் வைக்கிற சத்தத்தில் புல்லுக்குள் நிற்கும் புறாவெல்லாம் எழும்பிப் பறக்கும்.

மனுசனுக்கு வயிற்றெரிச்சல் இருந்தது. அவருடைய மனைவி சிவனேஸ்வரியின் தம்பி பாலா, எதிரணியான புளியடி இந்துக் கல்லூரிக்காரர். வருடா வருடம் மட்ச் முடிந்த அன்று பின்னேரம் பாலா வீட்டில் இரு பக்கத்தாருக்கும் விருந்து. சுவர் அளவு டிவியில் பாலா அன்றைய மட்சைப் போட்டு, ஒவ்வொரு கோலிலும் நிறுத்தி, "அத்தான், இதிலை உங்கடை கோல்கீப்பர் நிலத்திலை என்ன தேடுறார்?" என்று பணிவாகக் கேட்பார். கேதீஸ்வரனுக்குக் கோழிக்கறி தொண்டைக்குள் இறங்காது. அந்த மேசையில் ஒரேயொரு தரம் தலை நிமிர்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு மேல் அவர் வாழ்க்கையில் ஒன்றும் கேட்கவில்லை.

கோச் சிறிதரனுக்கும் உதைபந்துக்கும் முன்பகை எதுவுமில்லை, அறிமுகமும் இல்லை. அவர் சங்கத் தலைவர் தேர்தலில் தோற்றவர். தோற்றவருக்கு ஒரு பதவி கொடுக்காவிட்டால் அவர் பிரிந்துபோய் இன்னொரு சங்கம் தொடங்கிவிடுவார் என்பதால், சங்கத்தின் ஒற்றுமையை முன்னிட்டு அவரைக் கோச் ஆக்கினார்கள். உபதலைவர் தேர்தலில் தோற்றவர் உதவிக் கோச். செயலாளர் தேர்தலில் தோற்ற இருவரும் தாக்குதல் கோச், தற்காப்புக் கோச். இப்படியே போய், அணிப் படம் எடுக்கும்போது வீரர்களை விடக் கோச்மார் கூடவாக நின்றார்கள்.

தோல்வியைச் சங்கம் பார்த்துக்கொண்டு இருந்ததென்று யாரும் சொல்லக்கூடாது. விசாரணைக் குழு அமைத்தார்கள். எதிரணியினர் கூடுதலாகக் கோல் போட்டதே தோல்விக்கான பிரதான காரணம் என்று அது ஏகமனதாகக் கண்டறிந்தது. பிறகு, இப்போதைய நாகரிகப்படி, யார் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று செய்மதி ஜிபிஎஸ் மூலம் காட்டும் மேற்சட்டைகளை வாங்கி எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். மைதானத்தில் அதிகம் ஓடியவர் சங்கத் தலைவர் ஞானச்சந்திரன் என்பது தெரியவந்தது. படம் எடுக்கிறவர் போன பக்கமெல்லாம் ஓடியவர் அவர்தான்.

இந்த வருடம் மட்ச் தொடங்க முதல் கேதீஸ்வரன் கோச்சிடம் போனார்.

"சிறி அண்ணை, கஜீவனை முன்னுக்கு விடுங்கோவன். அவனுக்கு மட்டும்தான் பந்து எந்தப் பக்கம் போகவேணும் எண்டு தெரியுது."

"அது ஏலாது, கேதீஸ். முன்னுக்கு நிக்கிறது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பட்ச். அவை சீனியர்."

"அவை ஓடமாட்டினம் அண்ணை."

"ஓடாட்டிலும் சீனியர்தானே."

கேதீஸ்வரன் போய்க் கதிரையில் இருந்தார்.

ஆனால் அன்று தெய்வம் கண் திறந்தது. குனிந்து சப்பாத்துக் கட்டும்போது சீனியர் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கஜீவனை முன்னுக்கு விட்டார்கள். கஜீவன் பழைய மாணவர் ஒருவரின் மகன், இங்கேயே பிறந்த எலக்ட்ரீஷியன், சீனியர் என்றால் என்னவென்று தெரியாதவன். இடைவேளைக்குச் சற்று முன் பந்தைக் கொண்டுபோய் உள்ளே போட்டான்.

இலந்தைவளவு ரசிகர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் ஒருவர் "கோச்சை மாத்து" என்று கத்தினார். கேதீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் நின்ற பாலா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். அதைப் பார்க்கக் கேதீஸ்வரனுக்கு வயிறு நிறைந்தது.

இடைவேளை விசில் ஊதினதும் தலைவர் காருக்கு ஓடினார். முதலாவது கோல் போடுகிறவருக்கென்று வாங்கிய பொன்னாடை நாலு வருடமாக டிக்கிக்குள் பைகூடப் பிரிக்காமல் கிடந்தது. ஒலிபெருக்கியும் அங்கேதான் இருந்தது. மத்தியஸ்தர் ஸ்டீவ் என்ற வெள்ளைக்காரர் முன்னமே சொல்லியிருந்தார்: அடுத்த மட்சுக்கு ஆட்கள் நிற்கினம், நேரத்துக்கு இறங்காத அணி தோற்றதாகக் கணக்கு.

கஜீவன் கெஞ்சினான். "அங்கிள், ஆஃப்டர் த கேம், ப்ளீஸ்."

"தம்பி, மட்ச் முடிஞ்சால் வெற்றிக்கெல்லோ பொன்னாடை போடவேணும்," என்றார் தலைவர். "அதுக்கு வேறை வாங்கவேணும். இது கோலுக்கு வாங்கினது."

வீரர்களை உயர வரிசையில் நிறுத்தினார்கள். தலைவர் இரண்டு வார்த்தை பேசினார். கோச், தன்னுடைய நீண்டகாலத் திட்டம் பலித்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். உதவிக் கோச் மைக்கை வாங்கும்போது ஸ்டீவ் விசில் ஊதினார்.

கேதீஸ்வரனால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து போய் மைக்கைப் பறித்தார்.

"போதும், பேச்சை நிப்பாட்டுங்கோ!"

சனம் கை தட்டியது.

அந்த இடத்தில் மைக்கைக் கீழே வைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் இருபது வருடமாகக் கதிரையில் இருந்து கத்தினவருக்கு ஒருவரும் கை தட்டினதில்லை. மைக்கும் கைக்கு இதமாக இருந்தது.

"இந்தப் பேச்சுத்தான் எங்கடை சங்கத்தைக் கெடுக்குது," என்றார். "இதுக்கு ஒரு வரலாறு இருக்கு."

கல்லூரிக்கு அத்திவாரம் போட்ட வருடத்தில் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகப் பேசினார். பேச்சைக் குறைப்பதன் அவசியத்தை ஐந்து தலைப்புகளில் விளக்கினார். பின்னால் திரும்பவும் விசில் கேட்டது. சனத்துக்குள் நிற்கும் பெடியள் உற்சாகத்தில் விசில் அடிக்கிறார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினார். முடித்துவிட்டுத் திரும்பினால், ஸ்டீவ் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புளியடிக்காரருக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றார்.

"நான் பாலா வீட்டை வரேல்லை," என்றார் கேதீஸ்வரன் காருக்குள்.

"நீங்கள் வராட்டி அவன் வீடியோவை எங்கடை வீட்டை கொண்டு வருவான்," என்றாள் சிவனேஸ்வரி. போனார்கள்.

பாலா டிவியைப் போட்டார். அதில் மட்ச் இல்லை. கேதீஸ்வரனின் பேச்சு, முழுவதும், ஒரு இடமும் வெட்டாமல். அவருக்கு உடம்பு கூசியது. ஆனால் விருந்துக்கு வந்திருந்த இலந்தைவளவுக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். "இப்பிடி ஒருத்தர்தான் தலைவரா வரவேணும்," என்றார் தலைவரே. அடுத்த தேர்தலில் தோற்று, கோச் பதவியைப் பிடிக்க அவர் கண் வைத்திருந்தார்.

பாலா எழும்பி, புளியடி இந்துக் கல்லூரியின் வெற்றிக்காக அயராது உழைத்த அத்தானுக்கு என்று சொல்லி, ஒரு புதுப் பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். கேதீஸ்வரனுக்குக் கோபம் வரத்தான் வேண்டும். வந்தது போலத்தான் முதலில் இருந்தது. ஆனால் இதுவரைக்கும் அவருக்கு ஒருவரும் பொன்னாடை போர்த்தினதில்லை. அது தோளில் நன்றாகத்தான் இருந்தது. மெல்ல எழும்பித் தொண்டையைச் செருமினார்.

"இரண்டே இரண்டு வார்த்தை," என்றார்.

மற்றவர்கள் கரண்டியை வைத்துவிட்டு, தங்கள் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சிவனேஸ்வரி கோழிக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்த் திரும்பவும் அடுப்பில் வைத்தாள்.