பத்துக்கு மூணு மார்க்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அதைப் பற்றி அதுவே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் நான் வேறு எழுத வேண்டியதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நல்லபடி இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஃபோனில் கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

பயணிகள் ரயிலைக் கம்பெனியிடமிருந்து அரசே திரும்ப வாங்கி நடத்த வேண்டும் என்று உங்கள் சங்கம் அச்சடித்த நோட்டீசும், நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளும் வந்து சேர்ந்தன. உன் கையால் ரெண்டு வரி இருக்குமோ என்று உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், இல்லை. பரவாயில்லை, வேலை இருக்கும். கடைசிப் பெட்டியில் முப்பத்தாறு வருஷம் கார்டாக நின்று கொடி காட்டியவனிடம் இதைக் கேட்கவும் வேண்டுமா? கூட்டம் ஏறுகிற வண்டியைக் கம்பெனிக்காரன் ஓட்டுவான், நாலு பேர் ஏறுகிற வண்டியை எவன் ஓட்டுவான்? அந்த நாலு பேரும் மனுஷங்கதானே? பொதுப் பணத்தில் ஓடினால்தான் அவர்களுக்கு வண்டி.

கம்பெனியின் லட்சணத்தைக் கேள். போன மாதம் அந்தப் புது வண்டியில் முதல் தடவையாக ஏறினேன். கார்டு கிடையாது, அவர் நின்ற இடத்தில் ஒரு கேமரா இருக்கிறது. நான் பழக்க தோஷத்தில் கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லாரும் ஏறியாச்சா என்று எட்டிப் பார்த்து, வியர்வை துடைக்க எடுத்த பச்சைக் கைக்குட்டையை என்னை அறியாமல் வெளியே நீட்டி ஆட்டிவிட்டேன். ஓட்டியவன் முன்பு என்னோடு வேலை பார்த்த பழைய டிரைவராம். கண்ணாடியில் பச்சையைப் பார்த்ததும் அவனுக்கும் பழக்க தோஷம், வண்டியை எடுத்துவிட்டான். தண்ணீர் பிடிக்க இறங்கிய ஒரு மாமனார் பிளாட்பாரத்தில், அவருடைய மருமகன் வண்டியில். மருமகன் பெரிதாக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. தப்பு தப்புதானே, மறுநாளே அந்தக் கால முறைப்படி மூன்று பிரதியில் விளக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வாங்க ஆளில்லை. கவுண்டர் இருந்த இடத்தில் ஒரு மெஷின் நிற்கிறது. "ஐயா" என்று கூப்பிட்டேன், எந்த ஊருக்கு என்று கேட்டது. விளக்கம் கொடுக்க வந்தேன் என்று சொல்லி, அத்தாட்சிக்கு என் ஓய்வு பாஸையும் காட்டினேன். அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு டிக்கெட்டை நீட்டியது. வந்ததை வீணாக்குவானேன் என்று போய்விட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. நீதானோ என்று ஓடியதில் முழங்காலை ஸ்டூலில் இடித்துக்கொண்டேன். பாஸில் இருந்த நம்பரைப் பார்த்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண். "சார், இன்னைக்குப் பயணம் எப்படி இருந்துச்சு? பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" முழங்கால் வலியில் "மூணு" என்றேன். அஞ்சுக்குக் கீழே போனால் காரணம் கேட்டு எழுதியே ஆக வேண்டுமாம், மேலும் எட்டுக் கேள்வி கேட்டாள். உட்கார இடம் கிடைச்சுதா, இறங்கறப்போ சிரமப்பட்டீங்களா, பத்திரமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தீங்களா. இந்தக் கடைசிக் கேள்வியை என்னிடம் உன் அம்மா கேட்பாள், அவளும் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் புகார்ப் புத்தகத்தைச் சங்கிலி போட்டு மேஜையில் கட்டியிருந்தோம். பேனா எழுதுகிறதா என்று பார்க்க நான் போட்ட கிறுக்கலைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. இதை நோட்டீசில் போட்டுவிடாதே.

ஆனாலும் கொள்கை கொள்கைதான். கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். எடுத்த காரியம் ஜெயிக்கட்டும், உன் உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் நோட்டீசை இன்னொரு தடவை படித்தேன். 'கம்பெனியின் கணக்குப்படியே இந்த லைனில் பயணிகள் கொடுக்கும் மார்க் பத்துக்கு மூன்றே மூன்று' என்று மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கண்ணு, அந்தப் பயணிகள் நான்தான். வேற யாரும் அந்த ஃபோனை எடுக்கறதே இல்லையாம், அந்தப் பொண்ணே சொன்னா. வண்டி என்னவோ நேரத்துக்குத்தான் வருது. ஒருநாள் நியாயமா பத்து போட்டுப் பார்த்தேன், "ரொம்ப நன்றி சார்"னு உடனே வெச்சுட்டா. அதனால தினமும் ஏறி, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, திரும்பி வந்து மூணு போடறேன். அரசு எடுத்துக்கிட்டா ரயில் ஓடும், சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு என்னை யாரு கூப்பிடுவா? கையெழுத்துத் தாளை உறையிலேர்ந்து எடுத்துட்டேன். கேள்வி மொத்தம் ஒன்பது, இந்தக் கடிதத்துப் பின்பக்கம் வரிசையா எழுதியிருக்கேன். வாரத்துல ஒரு நாள் நீ கேளு, அன்னைக்கே தாளை அனுப்பிடறேன். மீட்டிங் இருந்தா கடைசிக் கேள்வி மட்டும் போதும்.