வல்லூறுக்குப் பின்னால் கஸ்தூரிரங்கன்

விமானத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் இடது காலால் பெடலை மிதிக்க வேண்டும். ஜமால் மிதித்தார். விமானம் நேரே போய்க்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலிதான் பின்னால் உருண்டுபோய் பீரோவில் மோதியது. பீரோ மேலிருந்த பழைய சூட்கேஸ் தடாலென்று விழுந்தது.

"என்னங்க அங்க சத்தம்?" கூடத்தில் படுத்திருந்த மெஹர் பானு குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. ஜி.எஸ்.டி. பாத்துக்கிட்டிருக்கேன்."

"கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டா?"

"ஜி.எஸ்.டி.ன்னா அப்படித்தான். நீ தூங்கு."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேசைக்குத் திரும்புவதற்குள் எவனோ பின்னாலிருந்து சுட்டுவிட்டான். விமானம் புகையோடு கடலில் விழுந்தது. திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது.

"கஸ்தூரிரங்கன் மாமா, மறுபடியும் செத்துட்டீங்களா?"

கஸ்தூரிரங்கன் என்பது ஜமால்தான். கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் கூட்டத்தில் அவர் நங்கநல்லூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வெளியே வந்தால் சிட்லபாக்கத்தில் பைப்பு, குழாய், கயிறு விற்கும் கடைக்காரர். வயது ஐம்பத்தெட்டு. மக்காவுக்கு உம்ரா போனபோது ஜெத்தா வரைக்கும் விமானத்தில் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்.

இந்த வயதில் இந்த வேலை தேவையா என்று கேட்கலாம். தேவைதான். திரையில் அவரை மாமா என்று கூப்பிட்ட 'வல்லூறு' அவருடைய ஒரே மகன் ஃபைஸ். இரண்டு வருடமாக அவரோடு பேசாத மகன்.

பேசாதது மகனுடைய குற்றமும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் ஃபைஸ் ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். பெயர் தீபலட்சுமி. "நான் கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு, அத்தா" என்றான். அந்தப் பெண் வாசலில் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பக் கழட்டாதம்மா, அப்படியே கெளம்பு" என்றார் ஜமால்.

குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.  அதோடு விட்டாரா? உள்ளே போய், மகன் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு விமானம் ஓட்டும் ஜாய்ஸ்டிக்கை எடுத்து மேசை முனையில் ஓங்கி அடித்து இரண்டு துண்டாக்கினார். "பொம்மை வெச்சு வெளையாடறவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா?" என்று கத்தினார். ஃபைஸ் மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பிப் போனான். அவன் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டமும் போட்டார். கோபம் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. சட்டம்தான் நிலைத்துவிட்டது. போட்டவரே அதை எடுப்பதற்கு வெட்கமாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால், அறையில் தூசி படிந்து கிடந்த மகனுடைய கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று குரோம்பேட்டையில் முனிரத்தினம் என்பவருடைய கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"பாய், பாய்! செருப்ப வெளிய வுட்டுட்டு வா. தூசி மிசினுக்கு ஆவாது" என்றார் முனிரத்தினம். அப்புறம் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "அட, வல்லூறு! நம்ம குரூப்பாச்சே இது! தெனம் மத்தியானம் வந்து பறந்துகினு கீது."

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே போர் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு முனிரத்தினம்தான் தலைவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஜமாலின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. பையன் பறக்கிறான். போய்ச் சேர்ந்துகொண்டால் பக்கத்திலேயே பறக்கலாம்.

"நானும் சேரலாமா?"

"நீயா?" முனிரத்தினம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சேரேன். இன்னா பேரு போட?"

சொந்தப் பெயரைச் சொன்னால் மகன் ஓடிவிடுவான். ஜமால் சுவரைப் பார்த்தார். ஒரு ஜவுளிக் கடைக் காலண்டர் தொங்கியது. "கஸ்தூரிரங்கன்" என்றார்.

முனிரத்தினம் அவருடைய தாடியைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். "சர்தான். ஆன்லைன்ல எவன் நெசப் பேரு வெச்சான்?"

விற்க எடுத்துப்போன கம்ப்யூட்டரோடு புதுசாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, கால் பெடல், தொப்பியில் மாட்டுகிற மூன்று பேட்டரி விளக்கைப் பார்த்து, தலை திரும்பினால் திரையும் கூடவே திரும்பும்படி செய்கிற கேமரா எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தார். ஜாய்ஸ்டிக் மட்டும் வாங்கவில்லை. உடைத்த இரண்டு துண்டும் பரணில் இருந்தன. அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றி, கடையிலிருந்து இரண்டு பைப்பை இணைக்கிற ஒரு பி.வி.சி. கப்ளிங் எடுத்து மாட்டி, பைப்பு ஒட்டும் பசையால் ஒட்டினார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் வேலை செய்தது.

குரலைக் கேட்டால் மகன் கண்டுபிடித்துவிடுவான் என்பதால், தொண்டையில் ஆபரேஷன், பேச வராது என்று முதல் நாளே எழுதிப் போட்டார்.

"பரவால்ல மாமா, நானும் பேச மாட்டேன். குழந்தை தூங்குது" என்று பதில் வந்தது.

குழந்தை! ஜமால் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நேராக ஒரு மலையில் போய் மோதினார். தாத்தா ஆன செய்தி தெரிந்ததும் செத்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. மெஹர் பானுவை எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. எந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் மதியம் பறந்தார்கள். வல்லூறு முன்னால் போகும், கஸ்தூரிரங்கன் பின்னால் காவல் போவார். காவல் என்று பெயர்தானே தவிர, காப்பாற்றுகிற வேலையெல்லாம் வல்லூறு செய்யும். எத்தனை முறை இவர் வழி தவறினாலும் அலுக்காமல் திரும்பி வந்து கூட்டிப் போகும். ஃபைஸுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஜமாலுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"மத்தியானத்துல பறக்கறியே, வேலைக்குப் போகலையா?"

"குழந்தை பொறந்ததுலேருந்து வீட்டுலதான் மாமா. ஒருத்தர் சம்பளத்துல ஓடுது."

ஜமால் மனசுக்குள் கணக்குப் போட்டார். அந்தத் தீபலட்சுமி ஜம்மென்று ஆபீஸ் போகிறாள், தன் பிள்ளை தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரம் அதற்கும் மேலே ஒன்று வந்தது.

"மாமா, உங்க வீட்டுப் புளியோதரை எப்படிச் செய்யறது? இங்க ஆசையா கேக்குறாங்க."

சாப்பிட்ட தட்டை எடுத்துவைத்து அறியாத பையன். அவனை அடுப்படியில் நிற்க வைத்துவிட்டாளே! பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஐயங்கார் பெயரை வைத்துக்கொண்டு புளியோதரை தெரியாது என்றால் குட்டு உடைந்துவிடும். பக்கத்து வீட்டு ரத்தினபாய்க்குப் போன் போட்டார்.

"அக்கா, புளியோதரைக்கு வெந்தயம் வறுக்கணுமா, அப்படியே போடணுமா?"

கேட்டு, எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பினால் மெஹர் பானு நிற்கிறாள்.

"யாருகிட்ட என்ன கேட்டீங்க?"

"புளிக்கு ஜி.எஸ்.டி. எத்தன பர்சென்ட்டுன்னு கேட்டேன்."

சாயங்காலமே ரத்தினபாய் ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை கொண்டுவந்து கொடுத்து, "பாய் ஆசையா கேட்டாரே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மெஹர் பானு அந்தச் சட்டியை ஜமாலின் முன்னால் வைத்தாள். அவர் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். 

மறுநாள் வல்லூறு எழுதியது. "புளியோதரை பிரமாதம் மாமா. எனக்கு அப்பா இல்ல. நீங்க பின்னாடி வர்றப்ப இருக்கற மாதிரி இருக்கு."

ஜமால் அதை நான்கைந்து முறை படித்தார். அத்தா என்று எழுதாமல் அப்பா என்று எழுதியிருக்கிறானே என்று முதலில் தோன்றியது. நங்கநல்லூர்க்காரருக்குப் புரியட்டும் என்று எழுதியிருப்பான். அப்பா இல்லை என்றே முடிவு செய்துவிட்டான் பையன். அப்படி எழுத வைத்தது தன் வாய்தான். அன்றைக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம் நடந்த பிறகுதான் இந்த நாற்காலி விவகாரம். கயிறு விற்கிறவருக்குக் கயிற்றுக்கா பஞ்சம்? மறுநாள் நாற்காலியைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினார். இப்போது நாற்காலி நகரவில்லை; மிதித்த மிதியில் பெடல் வழுக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. பெடலை இழுத்து நாற்காலியோடு கட்டினார். இரண்டும் நின்றன. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, காலிரண்டும் கயிற்றுக்குள் இருந்தன.

அதற்குள் ஜன்னல் வெயில் கேமராவில் பட்டு, அவர் தும்மினால்கூடத் திரையில் வானம் கீழேயும் கடல் மேலேயும் போயின. காலை ஒருவழியாக உருவிக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டு, பழையபடி கயிற்றுக்குள் நுழைந்தார். வியர்த்துக் கொட்டியது. கையெட்டும் ரிமோட்டை எடுத்து ஏ.சி.யைப் போட்டார். ஏ.சி.யும் புது கிராபிக்ஸ் கார்டும் ஒன்றாக இழுத்த இழுப்பில் டிரிப் ஆகி வீடு முழுக்கக் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றதும் விழித்துக்கொண்ட மெஹர் பானு வந்து கதவைத் தள்ளினாள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. இருட்டறையில் கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்டு, தொப்பியில் மூன்று சின்ன விளக்கு மினுக்க, வியர்வையில் குளித்தபடி புருஷன் உட்கார்ந்திருந்தார்.

"யா அல்லாஹ்! யாருங்க கட்டிப் போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

"உருளுது."

மெஹர் பானு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு. வீட்டுல ஃபைஸ் இருந்திருந்தா..." என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டது. சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடலாம். 

"கயித்த அவுத்து விடு" என்று மட்டும் சொன்னார்.

கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் வல்லூறு எழுதியிருந்த வரி காத்துக்கொண்டிருந்தது. "மாமா, குழந்தை இழுத்துத் தள்ளி ஜாய்ஸ்டிக் உடைஞ்சிருச்சு. புதுசுக்கு இப்ப வழியில்ல. இனிமே வர மாட்டேன். உடம்பப் பாத்துக்குங்க."

 இந்த ஒரு நூலும் அறுந்துவிட்டால் மகன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்றுகூட அவருக்குத் தெரியாது. கப்ளிங் போட்டு ஒட்டிய தன் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தார். இதைக் கையில் வாங்கினால் உடைத்தது யார், ஒட்டியது யார் என்று ஃபைஸுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். தெரியட்டும் என்று முடிவு செய்தார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் முனிரத்தினம் கடைக்கு வா" என்று ஒற்றை விரலால் எழுதினார்.

வியாழக்கிழமை கடைக்கு எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டார். கடை வாசலில் ஃபைஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலையில் போகிற பஸ்களைக் காட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். குழந்தைக்கு அப்படியே மெஹர் பானுவின் மூக்கு. ஜமால் கடையைப் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்க்கவில்லை. நேராக மகன் முன்னால் போய் நின்று பையை நீட்டினார்.

"அத்தா?" ஃபைஸ் திடுக்கிட்டுப் போனான். பைக்குள் பார்த்தான். "இது... நீங்க ஒடைச்சதாச்சே."

"நான்தான் ஒட்டினேன். நான்தான்டா கஸ்தூரிரங்கன்."

"கஸ்தூரிரங்கனா? அந்த நங்கநல்லூர் மாமா நீங்களா?" ஃபைஸ் கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "அத்தா, ஒரு நிமிஷம் இருங்க..."

"நீ பேசாத. நான் பேசி முடிச்சுடறேன், இல்லன்னா மறுபடி வாய் வராது." ஜமாலின் கண் கலங்கியிருந்தது. "நான் பண்ணினது தப்பு. அப்பா இல்லன்னு நீ எழுதினப்ப நான் சோறு திங்கல. ஆறு மாசமா என்ன எத்தன தடவ காப்பாத்தியிருக்க! வழி தவறினா வந்து கூட்டிட்டுப் போவ, ஒரு சொல்லு கடிஞ்சதில்ல. பச்சப் புள்ளையத் தூங்க வெச்சுட்டு, சோறாக்கிட்டு, எனக்கும் துணையா வந்த. அந்த மனசு அவளுக்கு வருமாடா? அவ பேச்சே நமக்கு வேணாம். என்கூடப் பறந்த புள்ள ஒண்ணு போதும், அது என் வூட்டுக்கு வரட்டும்."

 குழந்தை ஜமாலின் தொப்பியை எட்டிப் பிடித்தது. பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. முனிரத்தினம் தலையை நீட்டினார்.

"இன்னா பாய், அவருகிட்ட போயி சொல்லிகினு கீற? அவரு இத வுட்டு ரெண்டு வருசமாவுது. வல்லூறுன்ற பேர்ல பிளேன் ஓட்டறது பூரா அவரு வூட்டம்மாதான். ஒனுக்காவ உள்ள குந்திகினு கீது, செருப்பக் கழட்டிட்டு வா."